ரூக்சார் சொல்லி முடிக்கும்வரை

பொழிச்சலூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே விமானம் இறங்கினால், திறந்த வாயோடு அப்படியே நிறுத்திவிடுவார்கள். சத்தம் மீனம்பாக்கம் பக்கம் போய் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். குழாயடிச் சண்டைகூட அப்படித்தான் நடக்கும். எவனோ எங்கிருந்தோ ஓட்டிவருகிற விமானத்துக்காக அரை நிமிடம் பொறுமையாக நிற்கிற இந்த ஜனங்கள், ரூக்சார் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும்வரை நின்றதில்லை. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை.

ரூக்சாருக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். புத்தியெல்லாம் கூர்மைதான், உடம்புதான் சொன்ன பேச்சு கேட்காது. கால்கள் நிற்காது. இடது கை முழங்கையில் மடங்கி எப்போதும் மார்போடு ஒட்டியே இருக்கும். பேச்சு வரும். ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் தாடை இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் திரும்பும், மூச்சு வாங்கும். அதற்குள் எதிரே நிற்பவர் ஒரு சிரிப்பு சிரித்து, "சரிம்மா, சரிம்மா" என்று நகர்ந்திருப்பார். அந்தச் 'சரிம்மா'வை வெறுத்த மாதிரி அவள் உலகத்தில் வேறெதையும் வெறுத்ததில்லை.

வலது கையின் மோதிர விரல் மட்டும் அவள் கட்சி. அந்த ஒற்றை விரலை வைத்துக்கொண்டுதான், பம்மலில் தம்பி இர்ஃபான் நடத்தும் மொபைல் ரிப்பேர் கடையின் வாட்ஸ்அப் முழுவதையும் அவள் பார்த்துக்கொள்கிறாள். டிஸ்ப்ளே மாற்ற எத்தனை நாளாகும், தண்ணீரில் விழுந்த போன் பிழைக்குமா என்றெல்லாம் கேட்பவர்களுக்கு, மடியில் இருக்கும் டேப்லெட்டிலிருந்து பதில் போகும். "தேங்க்ஸ் சார்" என்று எழுதுவார்கள். அந்தச் 'சார்' அவளுக்குப் பிடித்திருந்தது. திருத்தப் போகவில்லை.

அவளுடைய அம்மா நூர் பீவியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தோல் பட்டறையில் மேஸ்திரியாக இருந்த புருஷன் ஜமால் மவுத்தாகிப் பத்து வருஷமாகிறது. இர்ஃபான் கல்யாணமாகிப் பம்மலிலேயே தனிக்குடித்தனம் போய்விட்டான். அறுபத்திரண்டு வயதில் நூர் பீவி தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டு, மகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரி, படுக்கவைத்து எல்லாம் தனி ஆளாகச் செய்தாள். வீடு மாடியில். பதினாலு படி. வெளியே போகவேண்டுமென்றால் மகளை முதுகில் சுமந்துதான் இறங்குவாள். ஏழாவது படியில் நின்று துப்பட்டியைச் சரிசெய்துகொள்வாள். துப்பட்டி சரியாகத்தான் இருக்கும். அவள் நிற்பது துப்பட்டிக்காக இல்லை என்பது முதுகில் இருப்பவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும்.

நூர் பீவியிடம் ஒரே ஒரு கோளாறு. மகளுக்கு என்ன வேண்டும் என்பது மகளைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று அவள் நம்பினாள். ரூக்சார் வாயைத் திறந்தால் போதும், தண்ணியா, பாத்ரூமா, ஃபேனா, முதுகு அரிக்குதா, சாய்ச்சு வெக்கணுமா என்று அடுக்க ஆரம்பித்துவிடுவாள். மொத்தம் ஒன்பது கேள்விகள். பெரும்பாலும் விஷயம் அந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடும். பத்தாவதாக ஒன்று இருந்துவிட்டால் அதற்கு வழியே கிடையாது. இரண்டு வார்த்தை சேர்வதற்குள் அம்மா சொம்பை எடுக்க எழுந்து போயிருப்பாள்.

ரம்ஜான் மாதத்தில் அந்தப் பத்தாவது வந்து சேர்ந்தது. ஒட்டியே இருக்கும் இடது கைக்கு அடியில், அக்குளில், மோதிர விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு இருக்கும். அந்தக் கையைப் பிரித்தால் மகளுக்கு வலிக்கும் என்பதால் நூர் பீவி குளிப்பாட்டும்போது அங்கே தண்ணீரை மட்டும் ஊற்றித் துணியை ஒற்றிவிடுவாள். அதனால் அவள் கண்ணில் படவில்லை. ரூக்சார் மறுபடி மறுபடி அதைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லப் பார்த்தாள். தண்ணியா என்றாள் அம்மா. மறுநாள் சொல்லப் பார்த்தாள். ஃபேனா என்றாள். எழுதிக் காட்டலாமென்றால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. டேப்லெட்டில் இருப்பது கடை வாட்ஸ்அப், எது எழுதினாலும் அதே நேரத்தில் இர்ஃபான் போனிலும், கடையில் நாலு பேர் நடுவில் திறக்கும். கூடப்பிறந்த தம்பியாகவே இருக்கட்டும், இதையா போய் எழுதுவது?

மாதங்கள் போகப்போகப் பட்டாணி கொண்டைக்கடலையாகி, அதையும் தாண்டியது. செத்துப்போவோமோ என்பதைவிட, இதைச் சொல்லாமலே செத்துப்போவோமோ என்றுதான் ரூக்சார் பயந்தாள். ராத்திரி பகலாக அதே பயம்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் படியேறி வந்தாள். தாம்பரம் வட்டாரத்துப் பெண்களின் மார்புக் கட்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. செம்பாக்கத்தில் தொடங்கி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே பொழிச்சலூர் வந்திருந்தார்கள். வந்தவள் பெயர் தேவதர்ஷினி, இருபத்துமூன்று வயது, கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் வியர்வை. முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வீட்டில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். மூன்றடி தூரத்தில் நாற்காலியில் ரூக்சார் உட்கார்ந்திருக்கிறாள். கேள்வி அவள் காதிலும் விழுந்தது.

நூர் பீவி எடுத்த எடுப்பில் பதில் சொன்னாள். "எனக்கு அறுவது தாண்டிச்சும்மா. வேற பொம்பளைங்க யாரும் இல்ல. பொண்ணு ஒண்ணு கீது, அது இந்த மாதிரி."

ரூக்சார் உடம்பெல்லாம் இழுக்க வாயைத் திறந்தாள். "என்..." என்பது மட்டும் வந்தது. தேவதர்ஷினி அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, கையிலிருந்த டேப்லெட்டில் 'பதில் தர இயலாதவர்' என்ற கட்டத்தில் ஒரு தட்டு தட்டினாள். வேலை முடிந்தது. போகும்போது ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டியைத் தேடித்தான் வந்தாள். கட்டி எதிரிலேயே இருந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். இர்ஃபான் போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலில் இருப்பான். ரூக்சார் அந்தத் துண்டுச்சீட்டு எண்ணை டேப்லெட்டில் போட்டு, ஒற்றை விரலால் முக்கால் மணிநேரம் அடித்து இதை அனுப்பினாள்: "இந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். வயது 36. நீங்கள் அவளைக் கேட்கவில்லை." அனுப்பியதும் இர்ஃபான் கண்ணில் படுமே என்று பதறித் தன் பக்கத்திலிருந்து அழித்தாள்.

நேரில் வருகிறோம் என்ற பதில் சாயங்காலம் கடையில் இர்ஃபான் கையில் திறந்தது. இன்னா பேஜார் இது என்று அக்காவிடம் ஓடிவந்தான். மறுவாரம் உதயா என்ற பெண்மணி பதினாலு படியும் ஏறி வந்தாள். அந்த ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் அவள், நாற்பது வயதிருக்கும். ரூக்சாரின் செய்தியைப் படித்ததும் அதுவரை முடிந்த வீடுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தாளாம். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், பேச்சு சிரமப்படுபவர் என்று இருந்த அத்தனை பெண்களும் அந்த ஒரே கட்டத்துக்குள் தள்ளப்பட்டிருந்தார்கள். ஒருத்திகூட ஆய்வுக்குள் இல்லை. தனக்கு வெட்கமாகப் போய்விட்டது என்று உதயா மூடிமறைக்காமல் சொன்னாள். மறுபடி வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் கேள்வி கேட்பவர்களுக்குப் பயிற்சி வைக்கப்போவதாகவும், ரூக்சார் வந்து சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டாள்.

அவளா, எப்படி என்று நூர் பீவிதான் கேட்டாள். அன்றைக்கும் எல்லாப் பதிலும் அவளுடையதுதான். ரூக்சார் அன்றும் அந்த விஷயத்தைச் சொல்ல முயன்றாள், அம்மா டீயோடு வந்ததும் அது நடுவிலேயே நின்றுபோனது. உதயா அதைக் கவனித்தாள்.

பயிற்சி மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆட்டோவில் வந்து இறங்கினால், வகுப்பை முதல் மாடியில் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாற்றுத்திறனாளிகளை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லித்தரும் வகுப்புக்கு மாற்றுத்திறனாளி ஏற முடியாத மாடி. உதயா தலையில் அடித்துக்கொண்டு, மேலே இருந்த இருபது பேரையும் நாற்காலியோடு கீழே இறக்கிச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்தாள். முதல் பாடம் முடிந்துவிட்டது, அனைவரும் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். பக்கத்துச் சமையல்கட்டில் யாருடைய வளைகாப்புக்கோ சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவில் ரூக்சாரின் சக்கர நாற்காலி. பக்கத்தில் ஒட்டி நூர் பீவி. எதிரே கேள்வி கேட்க வந்து உட்கார்ந்தது தேவதர்ஷினி. அவளாகவே கையைத் தூக்கி முதலில் வந்தாள். முகம் செத்திருந்தது. அக்கா, அன்னிக்கு நான்தான் வந்தேன் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். ரூக்சாருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

விதியை உதயா சொன்னாள். இவரைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டபிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். முடிக்கும்வரை தலையாட்டக் கூடாது, சரி சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. இது பயிற்சிதான், ரூக்சார் விரும்பினால் பதிலைக் கற்பனையாகவும் சொல்லலாம்.

பெயர் கேட்டாள் தேவதர்ஷினி. "ரூக்சார்" என்றாள் நூர் பீவி. வயது கேட்டாள். அதற்கும் நூர் பீவிதான். என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டாள். குழைந்த சோறும் ரசமும் என்றாள் நூர் பீவி, கொஞ்சம் பெருமையாகவே.

உதயா வந்து நூர் பீவியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அவள் கையில் இருந்த தஸ்பீஹ் மாலையைப் பார்த்தாள். முப்பத்துமூன்று மணி கோத்தது. தொழுது முடித்து அதை உருட்டுவது நூர் பீவியின் வழக்கம். உதயா அவளிடம் ஓர் உதவி கேட்டாள். கேள்வி கேட்டதும் மணியை உருட்ட ஆரம்பித்து, மகள் சொல்லி முடித்ததும் எத்தனை மணி ஆனதென்று சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றாள். நூர் பீவிக்கு மகிழ்ச்சி. தனக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். மணியைச் சும்மா உருட்டக் கூடாதே, ஒவ்வொன்றுக்கும் சுப்ஹானல்லாஹ் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும் வாய் வேறெதுவும் சொல்லாது.

பெயருக்குப் பதினொரு மணி ஆனது. வயதுக்குப் பதினாலு. சாப்பாட்டுக் கேள்வியை மறுபடி கேட்டாள் தேவதர்ஷினி. தாடை இழுத்தது, கழுத்து திரும்பியது. இருபது பேரும் அசையாமல் இருந்தார்கள்.

"பிரியாணி... சட்டில... அடி... பிடிச்சது."

கூடம் சிரித்தது. ரூக்சாரும் சிரித்தாள். "இருவத்தொம்போது" என்ற நூர் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகத் தொண்டையில் சிக்குமே என்று சோற்றைக் குழைத்துக் குழைத்து ஊட்டியவள் அவள். ஒரு தரம் கேட்டிருக்கலாமே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே ஆய்வின் கேள்விகளுக்குள் போனார்கள். பதினாலாவது கேள்வி. தேவதர்ஷினி நிதானமாக, ரூக்சாரின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். கடந்த ஒரு வருடத்தில் மார்பிலோ அக்குளிலோ கட்டி ஏதாவது தெரிந்ததா?

ரூக்சார் சுற்றிப் பார்த்தாள். எதிரே ஒருத்தி காத்திருக்கிறாள். பக்கத்தில் அம்மா இருக்கிறாள், எழுந்து போகவில்லை, தண்ணியா என்று கேட்கவில்லை, மணி உருட்டிக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு நேரம் இனி வாய்க்குமா? இருபது பேர் முன்னாலா என்று கூச்சம் பிடித்து இழுத்தது. கூச்சம் பார்த்தால் செத்துப்போவோம் என்று மனசு சொன்னது. பதற்றத்தில் தாடை இன்னும் இறுகியது. முதல் வார்த்தையே வரவில்லை. முப்பத்துமூன்று மணியும் முடிந்து நூர் பீவி இரண்டாம் சுற்றை ஆரம்பித்தாள்.

"இருக்கு... இடது... கைக்கு... அடில... ஏழு... மாசமா."

"அறுவத்தொண்ணு" என்றாள் நூர் பீவி சத்தமாக. எண்ணும் கவனத்தில் இருந்தவளுக்கு எண்ணிக்கைதான் முதலில் வந்தது. தேவதர்ஷினி தன் டேப்லெட்டில் குறித்துக்கொண்டு, சூப்பர் அக்கா, நல்ல பிராக்டீஸ் என்றாள். கற்பனைப் பதில் என்று நினைத்துவிட்டாள்.

ரூக்சாரின் கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் போய்விடுமா? கழுத்து நரம்பு புடைக்க மறுபடி வாயைத் திறந்தாள். தேவதர்ஷினி எழுந்திருக்கப் போனவள், அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். காத்திருந்தாள்.

"இது... நெஜம்."

அதற்கு எத்தனை மணி ஆனது என்று யாரும் எண்ணவில்லை. நூர் பீவியின் விரல் நின்றுபோயிருந்தது. மெதுவாக எழுந்து மகளின் இடது கையைத் தொட்டாள். மார்போடு ஒட்டிய அந்தக் கைக்கும் உடம்புக்கும் நடுவில் தன் விரலை நுழைத்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை ரூக்சாரால் பார்க்க முடியவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள் நூர் பீவி. கேட்ட வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள். பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. பொத்திய கைக்குள்ளேயே அழுதாள். ரூக்சார் அம்மாவின் துப்பட்டி நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை விடவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

மறுநாளே உதயா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். பரிசோதனைகள் நடந்தன. இந்த இடைவெளியில் தேவதர்ஷினி ஒரு காரியம் செய்தாள். 'இயலாதவர்' என்று தான் தட்டிய பதினேழு வீடுகளின் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு, செம்பாக்கத்திலிருந்து மறுபடி ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் அரைநாள் ஆகிறது என்று உதயாவிடம் சொன்னாளாம். ஆகட்டும் என்றாளாம் உதயா.

பதினைந்து நாள் கழித்து ரூக்சார், நூர் பீவி, உதயா மூன்று பேரும் டாக்டர் ஜீவானந்தத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கட்டி புற்றுநோய்தான், எடுத்துவிட வேண்டும், அதன்பிறகு சில மாதம் மருந்தும் இருக்கும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும், குணமாக்க முடிகிற நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள் என்றார் அவர். பிறகு படிவத்தை நூர் பீவி பக்கம் நகர்த்தி, ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

நூர் பீவி படிவத்தை மகள் பக்கம் தள்ளினாள். "என்னை ஏன் சார் கேக்குறீங்க? ஒடம்பு அவளுது. அவளக் கேளுங்க. கொஞ்சம் டைம் ஆவும்." சொல்லிவிட்டுத் தஸ்பீஹை எடுத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சம்மதம்," என்றாள் ரூக்சார். டாக்டர் பேனாவை எடுக்கப் போனார். இன்னும் முடிக்கவில்லை என்று நூர் பீவி கையைக் காட்டினாள். "அம்மாவுக்கும்... பாருங்க."

பார்க்கத்தான் வேண்டும், மகளுக்கு வந்திருக்கிறதே என்றார் டாக்டர். நூர் பீவிக்கும் எல்லாப் பரிசோதனையும் எழுதிக்கொண்டே, "உங்களுக்கு என்னம்மா தொந்தரவு?" என்று கேட்டார்.

நூர் பீவி வாயைத் திறந்தாள். மகளுக்கு, மகனுக்கு, செத்துப்போன புருஷனுக்கு என்று எல்லாருக்காகவும் பதில் வைத்திருந்தவளிடம் தனக்கென்று ஒரு பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கென்ன சார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடத்தான் பார்த்தாள். அதற்குள் மடியில் ஏதோ அசைந்தது. ரூக்சார் தன் மோதிர விரலை அம்மாவின் தஸ்பீஹுக்குள் நுழைத்து ஒரு மணியைத் தள்ளினாள். விரல் நழுவியது. மறுபடி நுழைத்து இன்னொன்றைத் தள்ளினாள்.

பன்னிரண்டாவது மணியில் நூர் பீவி சொன்னாள். "முட்டி வலிக்குது சார். ரெண்டு வருசமா. பாதிப் படில நின்னுக்கினு தான் எறங்குறேன். இவகிட்ட சொல்லல."

ரூக்சார் அடுத்த மணியைத் தள்ளவில்லை. அம்மா முடித்துவிட்டாளா, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.